ஊளம்பாறை என்றொரு வசைச்சொல்

குமரி மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊளம்பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். பள்ளிக்கூடத்தில் சண்டை மூத்தால், "லேய், உன்ன ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போணும்" என்பான் ஒருத்தன். சென்னைப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு ஊளம்பாறை அப்படி. அது ஒரு ஊரின் பெயர் என்பதே எனக்கு இருபது வயதுக்குமேல்தான் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடை போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். யாரோ நடத்துநரிடம் "ஒரு ஊளம்பாறை" என்று சர்வசாதாரணமாக டிக்கெட் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு மனிதர், கையில் காய்கறிப் பை.

அன்று நான் நினைத்தது என் பெரியம்மாவை.

பெரியம்மா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். முப்பது வயதையொட்டி அவளுக்குச் சுகமில்லாமல் ஆனது. தூங்கமாட்டாள், யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்வாள், சோற்றைத் தொடமாட்டாள். 'கைவிஷம்' என்றார்கள். மந்திரவாதி வந்தான், கோழி போனது, ஒரு பவுன் கம்மலும் போனது. பிறகு எங்கள் குடும்பம் செய்ததை நான் மறைக்கப்போவதில்லை. அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது, மாறிவிடக்கூடாதென்று. 'பிராந்து' தொற்றும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோரும் கடைப்பிடித்தார்கள். நானும்தான். அதே வருடங்களில் இரட்டைக் குவளை முறையை எதிர்த்துக் கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் கோடு போட்ட தம்ளர் இருக்கும். பல வருடம் என் கண்ணில் அது படவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தம்ளரைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு ஊளம்பாறையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசு மனநோயாளிகளுக்கென்று காப்பகம் திறந்தது 1870இல். சென்னை மாகாணத்தின் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது 1871இல். ஒரு வருட இடைவெளியில் இரண்டு இடங்கள், பிறகு இரண்டு வசைச்சொற்கள். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அந்த எல்லைப் போராட்டத்தைப் பற்றி நம் மாவட்டத்தில் பேசாத மேடை இல்லை. ஆனால் அந்த ஒரே இரவில் எங்கள் மாவட்டத்து மனநோயாளிக்கான மருத்துவமனை அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நாகர்கோவிலிலிருந்து ஊளம்பாறை சுமார் 70 கிலோமீட்டர். கீழ்ப்பாக்கம் சுமார் 700. பணம் இருந்தவர்கள் எல்லை தாண்டிப் போனார்கள். இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு என் வீட்டைப் போல நிறைய வீடுகள் சாட்சி.

1956க்கு முன்பு மட்டும் போக முடிந்ததா? காப்பகம் திறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்புவரை, 1855 வரை, திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. புலையரும் பறையரும் வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்து. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,60,000க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகள் என்று எண்ணிவைத்திருக்கிறது. சட்டம் போன பிறகும் பாதை திறக்கவில்லை. அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போக வேண்டியிருந்தது 1893இல். எங்கள் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் நடந்தது 1926இல். அதாவது காப்பகம் திறந்து 56 வருடம் ஆன பிறகும், ஒரு தெருவில் நடக்கும் உரிமைக்காக அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். தெருவில் நடக்க முடியாதவன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவான்?

போகவில்லை. மாடனும் இசக்கியும்தான் மருத்துவர்கள். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கதைப்பாடல்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தத் தெய்வங்களில் பலர் கொலை செய்யப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்ட பெண்கள், அநியாயமாகச் செத்தவர்கள். வாழ்நாளெல்லாம் வாய் திறக்காத ஒரு பெண் இசக்கி வந்து ஆடும்போது மட்டும் ஊரையே பெயர் சொல்லித் திட்டலாம், மாமியாரைக் கேள்வி கேட்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அவளுக்கு அது நோயா, வழக்காடு மன்றமா என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் தூங்காமல், சாப்பிடாமல், கேட்காத குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அங்கே விடை இல்லை. அவளுக்குப் பிரம்படியும் சங்கிலியும்தான்.

இந்த இருட்டில் இரண்டு இடங்களை நான் மதிப்போடு நினைக்கிறேன். ஒன்று சாமித்தோப்பு. 1830களில் அய்யா வைகுண்டர் பேய்களுக்குப் பலி கொடுப்பதை நிறுத்தச் சொன்னார். எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளிக்க முத்திரிக்கிணறு வெட்டினார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. அவரது பதிகளில் சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கிறது. பேய்க்குப் பயந்து குனிந்த முதுகோடு வந்தவர் அங்கே தன் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். அது மனநோயை ஆற்றும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'உன்மேல் யாரோ ஏவிவிட்டார்கள்' என்ற பயத்திலிருந்து ஒருவரை வெளியே கூட்டிவருவது சிறிய வேலை அல்ல.

இன்னொன்று நெய்யூர் ஆஸ்பத்திரித் திண்ணை. அதன் வேர் நம்மவரிடம் இருக்கிறது. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் வேதமாணிக்கம் தேடிப்போய் அழைத்ததால்தான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி இந்தப் பக்கம் வந்தார். அந்த லண்டன் மிஷன் வேலையின் தொடர்ச்சியாக 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. 1860களில் அங்கே இருந்த மருத்துவர் ஜான் லோ, பிராமணரும் புலையரும் பறையரும் ஒரே திண்ணையில் முறைக்காகக் காத்திருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். மனநோய்க்கான மருந்து அன்று உலகத்திலேயே இல்லை, எனவே நெய்யூரில் அதைத் தேட வேண்டாம். நோய் வந்தவன் வரிசையில் நிற்கலாம் என்பதே அன்று இங்கே ஒரு புரட்சி.

இப்போது நம் ஆட்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். 1892 டிசம்பரில் விவேகானந்தர் கேரளம் வழியாகக் கன்னியாகுமரி வந்தார். அங்கே பார்த்த சாதிக்கொடுமையை 1897இல் சென்னையில் பேசும்போது குறிப்பிட்டு, மலபார்க்காரர்கள் எல்லோரும் பைத்தியக்காரர்கள், அவர்களுடைய வீடுகள் பைத்தியக்கார விடுதிகள் என்ற பொருளில் சாடினார். பறையர் நடக்கக்கூடாத தெருவில், அதே ஆள் மதம் மாறிப் பெயரை மாற்றிக்கொண்டால் நடக்கலாம் என்ற அபத்தத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நானும் இதைக் கூட்டங்களில் கைதட்டலுக்காகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

ஏனென்றால் சாதி பைத்தியம் கிடையாது. அதற்குக் கணக்கு உண்டு, ஆவணம் உண்டு, அளவு உண்டு. நாயரிடமிருந்து இத்தனை அடி, நம்பூதிரியிடமிருந்து இத்தனை அடி என்று தீட்டின் தூரத்தை அளந்துவைத்தவர்கள் தெளிந்த புத்தியோடு இருந்தார்கள். யாருடைய உழைப்பு இலவசமாகக் கிடைக்கும், யாருடைய நிலம் யாருக்குப் போகும் என்பதில் அவர்களுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. அம்பேத்கரும் நோய் என்ற உவமையைக் கையாண்டிருக்கிறார். ஆனால் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அவர் மிகத் தெளிவாகப் பிரித்துச் சொல்லும் இடம் ஒன்று உண்டு: இந்துக்கள் சாதியைப் பின்பற்றுவது மூளை கோணியதால் அல்ல, சாஸ்திரத்தை ஆழமாக நம்புவதால். அதனால்தான் அவர் மருந்துச்சீட்டு எழுதவில்லை, சாஸ்திரத்தின் அதிகாரத்தை உடைக்கச் சொன்னார்.

ஆணவக்கொலை செய்தவனை 'மனநோயாளி' என்று நாம் முகநூலில் எழுதும்போது என்ன நடக்கிறது? கூலி பேசி, ஆள் வைத்து, வண்டி ஏற்பாடு செய்து, சாட்சியை மிரட்டிக் கொலை செய்தவனுக்கு நாமே ஒரு சாக்கு எடுத்துக்கொடுக்கிறோம். இன்னொரு பக்கம் யாரையும் ஒரு சொல் புண்படுத்தாத என் பெரியம்மாவை அவனோடு ஒரே பட்டியலில் சேர்க்கிறோம். 'சைக்கோ', 'லூசு', 'மென்டல்' என்று எழுதிய பழைய பதிவுகள் என்னுடையவையும் உண்டு. அவற்றை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

பைத்தியம் என்ற சொல் எப்போதும் யார் கையில் அதிகாரம் இருந்ததோ அவர்கள் கையில்தான் இருந்தது. 1851இல் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானிடமிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு வருவது ஒரு மனநோய் என்று எழுதினார். 'ட்ரேப்டோமேனியா' என்று பெயர் வைத்தார். மருந்து, சவுக்கடி. அதே காலத்தில் திருவிதாங்கூரிலும் அடிமைகள் இருந்தார்கள், ஓடியும் இருப்பார்கள். இங்கே பெயர் வைக்க மருத்துவர் தேவைப்படவில்லை. சவுக்கு இருந்தது. 'திமிர்' என்ற சொல்லும் இருந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கார்ட்ரைட் ஞாபகம்தான் வந்தது. அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறதென்று அவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது, தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல், மத மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை வைத்தும் தீர்மானிக்கக்கூடாது. சாதி மாறிக் காதலித்த மகளை 'புத்தி பேதலித்துவிட்டது' என்று அறையில் பூட்டும் வீடுகள் இருக்கும் நாட்டில் இந்த வரியின் எடை என்ன என்று சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் யோசித்துப் பாருங்கள். 18ஆம் பிரிவு, சிகிச்சை பெறும் உரிமையில் சாதி அடிப்படையிலான பாகுபாடு கூடாதென்று பெயர் சொல்லியே விலக்குகிறது. 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்கிறது.

சங்கிலி என்ற சொல் அந்தச் சட்டத்துக்குள் நுழைந்ததன் பின்னால் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு தனியார் 'மனநலக் காப்பகத்தின்' கொட்டகையில் விடிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. அன்று 25 பேர் என்று செய்தி வந்தது, பிறகு 28 ஆனது. உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் இன்றும் 25 என்றுதான் இருக்கிறது. செத்த எண்ணிக்கைகூடச் சரியாக ஏறவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஏர்வாடியைக் காட்டி 'மூடநம்பிக்கை' என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தன் ஊரில் மனநல மருத்துவரே இல்லாத ஒரு தாய், இலவசமாக இடம் தரும் ஒரு தர்கா வாசலுக்குத்தான் போவாள். கோயிலென்றாலும் சர்ச்சென்றாலும் அதேதான். பின்னாளில் அந்தத் தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார்கள், 'தவா'வும் 'துவா'வும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து. திட்டுவதைவிட அது நல்ல பதில்.

இனி மாணவத் தோழர்களிடம் நேராக ஒன்று பேச வேண்டும். ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17. சேலத்து முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச். மருத்துவர் பாயல் தட்வி 2019 மே. ஒவ்வொரு முறையும் ஒரே வரி வருகிறது: 'அவருக்கு மன அழுத்தம் இருந்தது, தனிப்பட்ட காரணம்.' நிறுவனம் கைகழுவ அந்த ஒரு சொல் போதும். நாம் அதற்குப் பதிலாக, 'அவருக்கு மன அழுத்தமே கிடையாது, அவர் போராளி, உறுதியானவர்' என்கிறோம். கோபத்தில் வருகிற பதில், நியாயமும் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டு விடுதி அறையில் மூன்று நாளாகத் தூங்காமல் இருக்கும் நம் தம்பி என்ன புரிந்துகொள்வான்? போராளிக்கு மனம் உடையாது, உடைந்தால் நீ போராளி இல்லை என்றுதானே. எய்ம்ஸ் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் குழு 2007இலேயே அறிக்கை கொடுத்தது. தினமும் அப்படி ஒதுக்கப்படுகிறவனுக்கு மனம் நோகும், அது சில பேரிடம் நோயாகவும் மாறும். நோய் உண்மை, அதை உண்டாக்கிய சாதியும் உண்மை. சுவர் இடிந்து கால் முறிந்தவனிடம், கால் முறியவில்லை என்று சொன்னால்தான் சுவர் கட்டியவனைக் கேட்க முடியும் என்று யாராவது வாதாடுவோமா?

ஃபிரான்ஸ் ஃபனானை அரசியலுக்காகப் படிக்கிறோம். அவர் தொழிலால் மனநல மருத்துவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்குப் போனவர், 1956இல் பதவி விலகினார். ஒரு மனிதனை அவன் சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கும் ஆட்சி நடக்கும்போது, அவனைக் குணப்படுத்தி அதே ஆட்சிக்குள் திருப்பி அனுப்புவதில் என்ன அர்த்தம் என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் மூன்று வருடம் அவர் அங்கே நோயாளிகளைப் பார்த்தார், கட்டுகளை அவிழ்த்தார், பேசவைத்தார். விடுதலை வரட்டும், பிறகு மருந்து கொடுக்கலாம் என்று காத்திருக்கவில்லை. உங்களுக்கோ பக்கத்து அறைத் தோழருக்கோ தாங்க முடியவில்லையென்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, எந்நேரமும் தமிழிலும் பேசலாம். அழைப்பது இயக்கத்துக்கு விரோதம் அல்ல.

பெரியம்மா கதை பாக்கி இருக்கிறது. ஒரு செவிலியர் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவளைப் பார்த்து, மந்திரவாதிக்குக் கொடுத்த காசில் பாதியை பஸ்ஸுக்குச் செலவழியுங்கள் என்றார். போனோம். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதம் எந்நேரமும் தூங்கினாள், கை நடுங்கியது, வாயில் எச்சில் வடிந்தது. 'மருந்து ஆளையே மாத்திப்போட்டு' என்று நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. மருத்துவர் அளவைக் குறைத்தார், மருந்தை மாற்றினார். ஏழெட்டு மாதத்தில் அண்டி ஆபீஸுக்குத் திரும்பினாள். முழுசாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. குரல்கள் இப்போதும் சில நாள் வரும். "வரும், நான் பாட்டுக்கு கொட்ட உடைப்பேன், அது பாட்டுக்குப் பேசும்" என்பாள். தம்ளர் விஷயத்தில் வீடு மாற அதைவிட அதிக நாள் ஆனது. ஒரு நாள் என் அம்மா தெரியாமல் அந்தக் கோடு போட்ட தம்ளரில் காப்பி குடித்துவிட்டு, பிறகு பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கழுவிக் கவிழ்த்தாள். எங்கள் வீட்டில் மன்னிப்பெல்லாம் யாரும் கேட்டுப் பழக்கமில்லை.

மாதத்துக்கு ஒருமுறை ஆசாரிபள்ளம் போகிறாள். இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன்பு அது காசநோய் ஆஸ்பத்திரி. 'ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுபோய்ட்டாங்க' என்று ஒரு காலத்தில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்களாம், அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்களாம். இப்போது பிள்ளைக்கு ஆசாரிபள்ளத்தில் சீட் கிடைத்தால் ஊருக்கே மிட்டாய் கொடுக்கிறார்கள்.

போன மாதம் நான் அவளோடு போயிருந்தேன். மாத்திரை வாங்கும் வரிசையில் முன்னால் ஒரு சின்னப் பெண், துப்பட்டாவால் முகத்தை மறைத்து, யாரும் பார்த்துவிடக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கல்லூரி அடையாள அட்டையைச் சட்டென்று உள்ளே சொருகினாள். பெரியம்மா அவள் தோளைத் தட்டினாள். "எந்த ஊரு மக்களே?"

அந்தப் பெண் மெதுவாக ஊர்ப்பெயரைச் சொன்னாள்.

"அங்கயா? எங்கூட வேல பாக்கியவ ஒருத்தி அங்கதான். எனக்கும் இந்தக் குளிகதான், பதினாலு வருசமாச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போடணும் பாத்துக்க, வெறும் வயித்துல போட்டா தலசுத்தும்."